நாக்கில் வைத்துக் காட்டிய பெட்டிகள்

நான் சுற்றிய பெட்டி ஒன்று ஒரு மனுஷனின் நாக்கைப் பொசுக்கியது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இனி மிச்சம் இருப்பது யார் யார் என்னென்ன செய்தோம் என்பதுதான். அதுவே போதுமான அளவுக்கு அருவருப்பாக இருக்கிறது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்த வருடங்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு ரேடியோ கடையின் பின்பக்க அறையில் நான் வேலை பார்த்தேன். விழுப்புரத்தில் ஒரு வருடம் ரேடியோ மெக்கானிக் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். பெண்பிள்ளை முன்னால் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்தால் வாடிக்கைக்காரனுக்கு நம்பிக்கை வராது என்று கடைக்காரர் என்னைப் பின்னால் தள்ளினார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடை. வார்னிஷ் நாற்றமும் சாக்கடை நாற்றமும் கலந்து மதியச் சோற்றில் ஏறும்.

என்னோடு வேலை பார்த்தவள் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையைத் தாண்டி அவள் ஊர். கருணாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு வேலைக்கு வந்தாள். என்னைவிட மூன்று வயது சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். கைவேகம் என்னைவிட அதிகம்.

நாங்கள் செய்தது எலிமினேட்டர். அப்போது ரேடியோவுக்கு நாலு பேட்டரி செல் போட வேண்டும். செல் இல்லாமல் சுவர் பிளக்கிலிருந்து கரண்டு எடுத்து, அதை ஆறு வோல்ட்டாகக் குறைத்து ரேடியோவுக்குக் கொடுக்கும் கையடக்கப் பெட்டிதான் எலிமினேட்டர். இன்றைக்கு செல்போன் சார்ஜர் செய்கிற வேலையை அன்றைக்கு அது செய்தது. பெட்டிக்குள் முக்கியமானது டிரான்ஸ்பார்மர். அதில் செப்புக் கம்பியை இரண்டு முறை சுற்ற வேண்டும். முதல் சுற்று சுவர்க் கரண்டுக்கு. அதன் மேலே இரண்டாம் சுற்று ரேடியோவுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே நல்ல கெட்டியான மஞ்சள் தாளை மூன்று மடிப்பு சுற்றி, வார்னிஷ் காட்டிக் காய வைக்க வேண்டும். ரேடியோவைத் தொடுகிறவனுக்கும் சுவரில் இருக்கிற கரண்டுக்கும் நடுவே நிற்பது அந்தத் தாள் மட்டும்தான். வேறு எதுவும் இல்லை. இதை எழுதும்போது அந்தத் தாளின் வழவழப்பு விரலில் தெரிகிறது.

மறியல் தொடங்கியதும் புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. மூன்றாம் நாளே ஊரில் செல் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் எல்லோருக்கும் ரேடியோ வேண்டியிருந்தது. எங்கே சுட்டார்கள், எந்த ஊருக்குப் பஸ் ஓடுகிறது என்று கேட்பதற்கு. மறியலைப் பற்றி நான் நியாயம் பேசப் போவதில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் இரண்டு பேர் போனார்கள், ஒருவர் மண்டை உடைந்து வந்தார். நான் சொல்ல வந்தது கடைக்காரரைப் பற்றி. ஊரே கலங்கி நின்றபோது அந்த ஆள் கையைத் தேய்த்துக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

"செல்லு வர்ற வரிக்கும் நாமதான் ராஜா. ரெண்டு பேரும் சுத்துங்க, சுத்திக்கினே இருங்க."

கம்பி கையிருப்பில் இருந்தது. மஞ்சள் தாள் மெட்ராசிலிருந்து வர வேண்டும். அது உளுந்தூர்பேட்டையில் எந்த லாரியில் கிடந்ததோ. நான் போய்ச் சொன்னேன்.

"தாளு தீந்துபோச்சுண்ணே. தாளு வர்ற வரிக்கும் சுத்த முடியாது."

"தாளுதானே? இரு."

பக்கத்து அச்சகத்தில் தேதி தப்பாக அச்சடித்து ஒதுக்கிப்போட்ட மறியல் நோட்டீசுகள் கட்டுக் கட்டாக இருந்தன. அதில் இரண்டு கட்டைத் தூக்கி வந்து எங்கள் முன்னால் போட்டார்.

"அண்ணே, இது சாணித்தாளு. ஈரத்த உறிஞ்சும்."

"மூணு மடிப்புக்கு ஆறு மடிப்பா சுத்து. தாளு தாளுதான்."

சுற்றினோம். மலைக்காரி ஒரு நோட்டீசை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அக்கா, 'உயிரைக் கொடுத்தேனும்'னு போட்டிருக்கு இதுல."

"அத உள்பக்கமா வெச்சி சுத்து."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எச்சில் துப்பத் தோன்றுகிறது.

பெட்டியை எப்படி விற்றோம் என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கைக்காரன் பயப்படுவான். கரண்டுப் பெட்டியாயிற்றே, ரேடியோ புகைந்துவிடாதா என்பான். கடைக்காரர் பிளக்கைச் சொருகி, பெட்டியிலிருந்து வரும் ஒயரின் நுனியில் உள்ள பின்னை நாக்கில் வைத்துக் காட்டுவார். சுருக்கென்று ஒரு புளிப்பு தட்டும், அவ்வளவுதான். பிறகு அதே பின்னைச் சட்டையில் துடைத்துவிட்டு வாடிக்கைக்காரனிடம் நீட்டுவார். "நீயும் வெச்சிப் பாரு." அவனும் வைப்பான், சிரிப்பான், வாங்குவான். ஒரு நாளைக்கு எத்தனை பேர் எச்சில் அந்தப் பின்னில்! எங்கள் ஊர் ரேடியோ கடைகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். கரண்டு வருகிறதா என்று பார்க்க நாக்கு, பெட்டி பத்திரமானதா என்று பார்க்கவும் நாக்கு. மீட்டர் இருந்தது. அதை யாரும் தொடுவதில்லை, ஏனென்றால் மீட்டரைக் காட்டினால் வாடிக்கைக்காரனுக்குப் புரியாது.

கடைக்காரர் நிற்கும் இடத்தில் பலகை போட்டிருந்தது. அவர் காலில் எப்போதும் ரப்பர் செருப்பு. பெட்டி அப்போதுதான் வார்னிஷ் காய்ந்த புதுப் பெட்டி. உள்ளே கசிவு இருந்தாலும் பலகையையும் ரப்பரையும் தாண்டித் தரைக்குப் போகாது. போக வழி இல்லாத கரண்டு ஆளைத் தாக்காது. ஆகவே நாக்கில் வைத்துக் காட்டியது பெட்டி நல்லது என்பதை அல்ல. செருப்பு நல்லது என்பதைத்தான். எனக்கு இது தெரியும். படித்திருந்தேன்.

மறியல் கொஞ்சம் தணிந்த சமயம் ஓர் அரசு அலுவலகத்திலிருந்து ஆர்டர் வந்தது. மலையில் கரண்டுக் கம்பம் போய்ச் சேர்ந்த ஊர்களில் பொது ரேடியோ வைத்திருந்தார்கள். செல் கிடைக்காமல் அவை ஊமையாகக் கிடந்தன. அவற்றுக்கு ஒன்பது எலிமினேட்டர் வேண்டும். கூடவே ஒரு தாள். அதில் ஒரு வரி: பொருள் எந்தத் தர நிர்ணயத்தின்படி தயாரிக்கப்பட்டது, எண் குறிப்பிடுக.

கடைக்காரர் தாளோடு பின்பக்கம் வந்தார்.

"இன்னாமா இது, ஐ.எஸ்.ஐ. நம்பரு கேக்கறான். நீதான் படிச்சவளாச்சே, ஒரு நம்பரு சொல்லு."

"சும்மா ஒரு நம்பர் சொல்றதுக்கு இது லாட்டரிச் சீட்டாண்ணே?"

மறுநாள் வீட்டிலிருந்து விழுப்புரத்துப் படிப்பில் கொடுத்த பாடக் குறிப்புகளை எடுத்து வந்தேன். கடைசிப் பக்கங்களில் எந்தப் பொருளுக்கு எந்தத் தரம் என்று பட்டியல் இருந்தது. எங்கள் பெட்டிக்கு ஒட்டி வருவது இரண்டு. ஒன்று, சின்ன டிரான்ஸ்பார்மருக்கு மட்டுமானது. டிரான்ஸ்பார்மரைத் தனியாக மேஜையில் வைத்து, காய்ந்த நிலையில் சோதித்தால் போதும். மற்றது, வீட்டில் சுவர்க் கரண்டில் ஓடும் ரேடியோ மாதிரிச் சாமான்களுக்கானது. அதில் முழுப் பெட்டியையும் சோதிக்க வேண்டும். நாள்கணக்கில் ஈரக் காற்றில் வைத்து எடுத்து, மனுஷன் விரல் படக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் சுவர்க் கரண்டு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நம் பிளக்கில் இரண்டு முள்தான், பூமிக் கம்பி கிடையாது. அதனால் உள்ளே தடுப்பு இரட்டிப்பாக இருக்க வேண்டும். ஒன்று கெட்டாலும் இன்னொன்று காப்பாற்ற வேண்டும். இதுதான் அதன் சாரம்.

"ரெண்டாவதுதாண்ணே சரி. வாங்கறவன் டிரான்ஸ்பார்மரத் தொட மாட்டான், பொட்டியத் தொடுவான், ரேடியோவத் தொடுவான். அதுவும் மலை. ஈரம் ஜாஸ்தி."

"அதுக்கு இன்னா பண்ணணும்?"

"கம்பி சுத்தற பாபின்ல நடுவுல செவுரு வெச்சது வாங்கணும். மொத சுத்து ஒரு பக்கம், ரெண்டாவது சுத்து ஒரு பக்கம். ஒன்னு மேல ஒன்னு ஏறக் கூடாது. மஞ்சத் தாளு வேணும். அப்பறம் மெட்ராசுல குடுத்து டெஸ்ட் பண்ணணும்."

"மெட்ராசுக்கு நீ பறந்து போவியா? சாலையில மரம் கெடக்குது."

பிறகு அந்த ஆள் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மூலையில் கிடந்த குப்பை டப்பாவைக் கவிழ்த்து, உப்புப் பூத்து ஒழுகிய செத்த செல் ஒன்றை எடுத்தார். கட்டைவிரலால் அந்தப் பிசுக்கைத் துடைத்தார். அதன் மேலட்டையில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்தார்.

"இதான் நம்பரு. எழுது."

"அண்ணே, இது செல்லுக்கு!"

"இந்தப் பொட்டி எதுக்கு? செல்லுக்குப் பதிலு. செல்லு இருந்த எடத்துல இது ஒக்காருது. அப்ப செல்லு நம்பருதான் இதுக்கும். இத்தினி வருசத்துல செல்லு எவனையாவது கடிச்சிருக்கா? இல்ல இல்ல? அப்ப அதான் நல்ல ஸ்டாண்டர்டு."

"செல்லு செவுத்துல சொருகுறது இல்லண்ணே."

"இவ்ளோ பேசற இல்ல, நீயே ஆபீஸ் வெச்சி நடத்து. நான் எழுதுனா கோழி கிண்டுன மாரி இருக்கும், ஆர்டரு வேற எவங்கிட்டயாவது போய்டும். அப்பறம் நீயும் வாணாம், இவளும் வாணாம், ரெண்டு பேரும் வூட்டப் பாத்துக்கினு போங்க."

எழுதினேன். என் முத்துமுத்தான எழுத்தில் செத்த செல்லின் எண்ணை எழுதினேன். இதில் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மலைக்காரி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். அங்கே மேஜையில் இருந்தவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நம்பர் போட்டிருக்கா?"

"போட்டிருக்குங்க."

"அப்ப சரி." முத்திரை குத்தினார். அது எதன் எண் என்று பார்க்க அவரிடம் புத்தகமும் இல்லை, பார்க்கும் எண்ணமும் இல்லை. அந்தக் கட்டத்தில் என் அப்பாவின் சைக்கிள் நம்பரை எழுதியிருந்தாலும் முத்திரை விழுந்திருக்கும்.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்த மாமாவுக்கு, என் அக்கா வீட்டுக்காரருக்கு, சொல்லி அனுப்பினேன். அவர் ஆலையில் சொல்லி மெக்கர் மீட்டரை வாங்கி, சைக்கிள் கேரியரில் போர்வை சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். வழியில் இன்னும் அகற்றாத மரங்கள் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டி வந்தார். மெக்கர் என்பது கைப்பிடியைச் சுற்றினால் கசிவைக் காட்டும் பெட்டி. முள் மேலே ஏறினால் தடுப்பு நன்றாக இருக்கிறது. கீழே படுத்தால் இல்லை.

நோட்டீஸ் தாள் வைத்துச் சுற்றிய பெட்டி ஒன்றைக் காய்ந்தபடியே வைத்துச் சுற்றினார். முள் ஏறியது. பிறகு அதே பெட்டியை எங்கள் வீட்டில் ஒரு பானைக்குள் ஈரச் சாக்குக்கு மேலே தொங்கவிட்டு வாயை மூடி வைத்தோம். இரண்டு நாள் கழித்து எடுத்து மாமா கைப்பிடியைச் சுற்றினார். மலைக்காரியும் வந்திருந்தாள். முள் அசையவே இல்லை. கீழே படுத்துக் கிடந்தது.

"நடுவுல இன்னா வெச்சி சுத்தியிருக்கீங்க?" என்றார் மாமா.

"நோட்டீசு மாமா."

அவர் மெக்கரைப் போர்வையில் சுற்றினார். கிளம்பும்போது சொன்னார். "ஆலையில ஒரு மோட்டாரு இப்பிடிக் காமிச்சா நாங்க சுவிட்சு பக்கமே போவ மாட்டோம். நீங்க இத வூட்டுக்குள்ள வெக்கக் குடுக்கறீங்க."

மலைக்காரி கேட்டாள். "அக்கா, எங்க ஊருக்குப் போறதும் இந்த மாரிதானா?"

"எல்லாமே இந்த மாரிதான்."

"எங்க அண்ணன்தான் ஊரு ரேடியோவப் பாத்துக்குது."

மறுநாள் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் முன்பக்கம் நின்ற நாலு பேரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பொட்டிய ரெண்டு நாளு ஈரச் சாக்குல வெச்சாளாம். உன்ன ரெண்டு நாளு ஈரச் சாக்குல சுத்தி வெச்சா நீ மட்டும் தாங்குவியா?"

நாலு பேரும் சிரித்தார்கள்.

"மலையில ஐப்பசி கார்த்திகையில செவுரே அழுவும் மொதலாளி," என்றாள் மலைக்காரி. அவள் அவரிடம் குரல் உயர்த்திப் பேசியது அன்றைக்குத்தான்.

"அழுவுற செவுத்துக்கு ஆறுதல் சொல்லு. போ, போய் கம்பி சுத்து."

எட்டுப் பெட்டிகள் அலுவலக ஜீப்பில் மலையேறின. ஒன்பதாவது பெட்டியை வாங்கிப்போக மலைக்காரியின் அண்ணனே இறங்கி வந்தார். சந்தையில் கடுக்காய் விற்க வந்தவர், அப்படியே எடுத்துப்போகலாம் என்று கடைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். காலில் செருப்பு இல்லை. தங்கை ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, "அண்ணா, இத வாங்காத. ஈரம் பட்டா கரண்டு அடிக்கும்," என்றாள்.

கடைக்காரருக்குக் கோபம் வரவில்லை. சிரித்துக்கொண்டே அவரைக் கூப்பிட்டார். "இப்பிடிப் பலகை மேல ஏறி நில்லுப்பா." ஏறி நின்றார். கடைக்காரர் பின்னை முதலில் தன் நாக்கில் வைத்தார், பிறகு நீட்டினார். மலைக்காரர் தயங்கித் தயங்கி வைத்தார்.

"புளிச்ச மோரு மாரி கீதுங்க!"

"அவ்ளோதான். எப்பனா பாட்டு நின்னு போச்சின்னு வெய்யி, இப்பிடி நாக்குல வெச்சிப் பாரு. புளிச்சா பொட்டி நல்லாருக்கு, ரேடியோதான் போச்சி. புளிக்கலன்னா பொட்டி போச்சி, எங்கிட்ட எடுத்தா."

தங்கை மறுபடியும் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அவளைச் செல்லமாக அதட்டினார். "மொதலாளியே நாக்குல வெக்கிறாரு, கம்பி சுத்துற ஒனக்கு இன்னாடி தெரியும்?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்களாமே. நீங்க சொல்லுங்க. ஒன்னும் ஆவாதுங்களே?"

நான் அறை வாசலில் நின்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். பானைக்குள் தொங்கிய பெட்டியும் படுத்துக் கிடந்த முள்ளும் எனக்குத் தெரியும். மூன்று வார்த்தை போதும்: நாக்கில் வைக்காதீர்கள், வாங்காதீர்கள். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஈரம் படாம பாத்துக்குங்க."

மலையில், மழைக்காலத்தில், ஈரம் படாமல். இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் படித்தவர்கள் சொல்லும் சரக்கு அது. அவர் தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

ஐப்பசி பிறந்து நாலு நாள் விடாமல் பெய்தது. ஒரு காலையில் மலைக்காரி வேலைக்கு வரவில்லை. கச்சிராயபாளையம் பக்கமிருந்து வந்த ஒருவர் கடையில் விஷயத்தைச் சொன்னார். மலையில் மழையில் ரேடியோ நின்றுபோயிருக்கிறது. அவள் அண்ணன் ரேடியோவிலிருந்து பின்னைப் பிடுங்கி, சொல்லிக்கொடுத்தபடியே நாக்கில் வைத்திருக்கிறார். காலடியில் பலகை இல்லை, மழை ஊறிய மண்தரை. அப்படியே தூக்கிப் பின்னால் எறிந்திருக்கிறது. விழுந்த வேகத்தில் ஒயர் பிடுங்கிக்கொண்டதால் உயிர் இருந்தது.

கடைக்காரர் கேட்டுவிட்டுச் சொன்னது இது. "கரண்டுல நாக்க வெச்சா அடிக்காம முத்தமா குடுக்கும்? எவன் வெக்கச் சொன்னான்?"

எவன் வைக்கச் சொன்னானாம். அதே பலகையில் நின்றுகொண்டு, அதே ரப்பர் செருப்போடு கேட்டார். பின்பக்கம் போய்ச் சாக்கடையோரம் வாந்தி எடுத்தேன்.

மலையில் இன்னும் எட்டுப் பெட்டிகள் சுவர்களில் தொங்கின. திருப்பி எடுங்கள் என்றேன். "போன பொட்டி போனதுதான்," என்றார் கடைக்காரர். அலுவலகத்துக்குப் போனேன். முத்திரை குத்திய அதே ஆள் இருந்தார். அந்த எண் செல்லுக்கானது, பெட்டிக்கு அல்ல, உடனே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அவர் கோப்பைப் பிரித்துப் பார்த்தார்.

"நம்பர் இருக்கேம்மா. தப்பு நம்பர்னா, இது யாரு எழுத்து?"

"என் எழுத்துதாங்க."

"அப்ப ஒன்மேலதான் நடவடிக்கை எடுக்கணும். எடுக்கவா? போம்மா. அவன் தொட்டது அவன் கவனக்குறைவு, அப்பிடித்தான் எழுதி அனுப்பியாச்சு."

அன்றோடு கடைக்குப் போவதை விட்டேன். மறுநாள் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து வழி கேட்டு நடந்து அவள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் பாயில் உட்கார்ந்திருந்தார். உதடு வெந்து தோல் உரிந்து தொங்கியது. நாக்கு வீங்கி வாய் மூட முடியாமல் எச்சில் வழிந்தது. அவள் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். வார்த்தை வரவில்லை, கொழகொழவென்று ஒரு சத்தம்தான் வந்தது. திட்டினாரா, உட்காரச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசிவரை தெரியவில்லை.

"மத்த எட்டு ஊருலயும் பொட்டிய எடுக்கணும். எனக்கு வழி தெரியாது," என்றேன்.

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "வாங்க," என்றாள். அக்கா என்ற சொல் வரவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் வரவில்லை.

மூன்று நாள் நடந்தோம். ஏறுவதும் இறங்குவதும், அட்டை கடிப்பதும், யார் வீட்டிலோ படுப்பதும். விஷயம் பரவியிருந்ததால் ஆறு ஊர்களில் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். ஓர் ஊரில் பெட்டியை ஏற்கெனவே கிணற்றில் எறிந்திருந்தார்கள். அது நல்ல காரியம் என்றேன். பிறகு யோசித்துக் குடிதண்ணீர்க் கிணறா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். அதையும் கயிறு விட்டு எடுத்தோம். கடைசி ஊர் மேலே, மூட்டத்துக்குள் இருந்தது. அங்கே பெட்டி கெடவில்லை. சாயங்காலம் பொதுக் கொட்டகையில் ரேடியோ நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், பாதிப்பேர் பெண்கள். ரேடியோவின் ஏரியலில் ஒரு கம்பியைக் கட்டி வெளியே மரத்துக்கு இழுத்திருந்தார்கள். அந்தக் கம்பியிலேயே யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். பெட்டி கசிந்தால் அந்தக் கம்பியிலும் கரண்டு ஏறும்.

"எடுக்கறதா? நல்லா பாடிக்கினு இருக்கறத எதுக்கு எடுக்கணும்?" என்று ஒரு பெரியவர் எழுந்தார்.

"கசியுதுங்க. அடிக்கும்."

"எங்கள ஒன்னும் அடிக்கலயே."

முன்வரிசையில் இருந்த ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கீழ இருக்கறவங்களுக்கு நாங்க ஒரு பாட்டு கேட்டாக்கூடப் பொறுக்கல. கேக்கறதெல்லாம் அங்கயே கேட்டு வாங்கிக்கிறீங்க, மலைக்கு வந்த ஒத்தப் பொட்டியும் ஒங்களுக்கு வேணுமா?"

நான் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தேன். ஒயரை வெட்டிவிட்டு ஓடிவிடலாம் என்பதுதான் என் திட்டம். அவர்கள் திருடி என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அது எனக்கு வசதியாகக்கூட இருந்தது.

மலைக்காரி என் கையைத் தட்டிவிட்டாள். "வெட்டாதீங்க. இன்னா எழுதுனீங்கன்னு சொல்லுங்க."

"இவங்களுக்கு அது புரியாது."

"புரியும். சொல்லுங்க."

சொன்னேன். மஞ்சள் தாளுக்குப் பதில் சாணித்தாள் வைத்ததைச் சொன்னேன். முழுப் பெட்டியையும் ஈரத்தில் வைத்துச் சோதிக்கச் சொல்லும் தரம் ஒன்று இருக்கிறது, அதன்படி செய்திருந்தால் இது யாரையும் தொடாது, அதை விட்டுவிட்டுக் குப்பையில் கிடந்த செல்லின் நம்பரை என் கையால் எழுதிக்கொடுத்தேன் என்றேன். அவள் அண்ணன் என்னைக் கேட்டபோது நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். எல்லாம் புரிந்தது அவர்களுக்கு. யாரோ ரேடியோவின் குமிழைத் திருகி அணைக்கப் போனார்கள். "அதத் தொடாதீங்க, செவுத்து சுவிட்ச அணைங்க," என்று கத்தினேன். அணைத்தார்கள்.

முன்வரிசைக்காரி கேட்டாள். "தெரியாம எழுதுனியா?"

"தெரிஞ்சுதான்."

அவள் எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கினாள். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, செத்த ஓணானைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் ஒயரைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கி வந்தாள். என் கையில் கொடுக்கவில்லை. காலடியில் மண்ணில் போட்டாள்.

"எடுத்துக்கினு போ."

குனிந்து எடுத்தேன். ஈரமாக இருந்தது. மற்ற ஏழோடு பையில் போட்டேன். மலைக்காரி எனக்கு முன்னால் இறங்கத் தொடங்கியிருந்தாள். பின்னால் யாரோ தண்ணீர் ஊற்றிப் பெட்டி விழுந்த இடத்தைக் கழுவும் சத்தம் கேட்டது.